நான்காம் நாளின் இறக்கம்

ஹென்டர்சனில் ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன அச்சகத்தில் குணரத்தினம் எழுத்துக் கோர்க்கும் வேலை செய்தார். வயது நாற்பத்தொன்று. யாழ்ப்பாணத்தில் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற மனுஷன் என்று ஆக்லாந்துச் சனம் அவரைக் கேலி செய்யும். பொங்கல் விழாவுக்கு வந்தாலும் வாசலோடு ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கேட்டதற்கு ஓம், இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அப்படிப்பட்டவர் வலியப் போய்த் தன் வாயாலேயே தன்னை மாட்டிவைத்தார் என்றால் யாருக்கும் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

அது 1996. மனைவி பத்மாவதியும் மகள் ராகவியும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பக்க அறையில் வாடகைக்கு இருந்தார்கள். அவர் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது ராகவிக்கு இரண்டு வயது. இப்போது ஒன்பது. அகதியாக வந்து, வழக்குப் பேசி, நிரந்தர வதிவிடமும் கிடைத்து, இருவரையும் கூப்பிடுகிற விசா விண்ணப்பம் ஒருவழியாகக் கடைசிப் படிக்கு வந்திருந்தது. ஆகஸ்டுக்குள் முடிவு தெரியும் என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை அவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். ராகவிக்கென்று ஒரு கட்டிலும் வாங்கி, மெத்தையின் பொலித்தீன் உறையைக் கழற்றாமல் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார்.

ஜூன் மாதத்தில் மரினோவிச் அச்சகத்துக்கு வந்தார். மேற்கு ஆக்லாந்தில் ஒரு சைக்கிள் கழகத்தின் செயலாளர். அறுபத்தேழு வயதிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மலை ஏறிவிட்டு வந்துதான் தேத்தண்ணி குடிப்பார். அவருடைய தகப்பன் குரோவாசியாவில் இருந்து வந்து ஹென்டர்சனில் திராட்சைத் தோட்டம் போட்டவர். கழகத்தார் பதினான்கு பேர் செப்டம்பரில் இத்தாலிக்குப் போய், நடுப்பகுதி மலைநாட்டில் ஒன்பது நாள் சைக்கிள் ஓடப் போகிறார்கள், அதற்கு ஒரு வழிப்புத்தகம் அடிக்க வேண்டும் என்றார். ஹேண்டிலில் மாட்டுகிற அளவில் சின்னப் புத்தகம். நாளுக்கு இரண்டு பக்கம். ஒரு வரியில் எத்தனையாவது கிலோமீட்டர், இடமா வலமா எந்தப் பக்கம் திரும்புவது, என்ன அடையாளம், அவ்வளவுதான். '12.4, இடம், தண்ணீர்த் தொட்டி. 17.9, நேரே, ஒலிவ் எண்ணெய் ஆலை.'

மரினோவிச் இத்தாலிப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பெரிய வரைபடங்களை வரவழைத்து, மேசையில் விரித்து, சின்னச் சக்கரம் வைத்த ஒரு கருவியை வீதிகளின் மேல் உருட்டித் தூரம் அளந்திருந்தார். ஊர்ச் சபைகளுக்கெல்லாம் கடிதம் எழுதி அடையாளங்களைக் கேட்டிருந்தார். கோடைகாலம் முழுக்க உட்கார்ந்து எழுதிய அந்தக் கையெழுத்துப் பிரதியைப் பார்த்ததும் பழைய படவரைஞருக்கு மனம் குளிர்ந்தது. முதல் மூன்று நாளையும் ஒரே மூச்சில் கோர்த்து முடித்தார்.

நான்காம் நாளில் நாற்பத்தோராவது கிலோமீட்டரில் கை நின்றது. '41.2, வலம், மாதா கோயில். ஆற்றங்கரை வரை ஆறு கிலோமீட்டர் இறக்கம். அருமையான ஓட்டம், அனுபவியுங்கள்.'

அந்த மாதா கோயில் படியில் உட்கார்ந்து குணரத்தினம் எத்தனையோ நாள் பாண் தின்றிருக்கிறார்.

1989இல் ஏஜென்சிக்காரன் ஜெர்மனி என்று சொல்லி அவரை இத்தாலியில் இறக்கிவிட்டு மறைந்துபோனான். கூட வந்தவன் நவரத்தினம், ஊரில் அவர் வீட்டு ஒழுங்கைக்காரன், அவரைவிட மூன்று வயது இளையவன். இரண்டு பேருக்கும் மலைமேல் ஒரு கோழிப்பண்ணையில் கடதாசி இல்லாத வேலை கிடைத்தது. பண்ணைக்காரன் இரண்டு பழைய சைக்கிள்களைக் கொடுத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றங்கரையில் இருந்த சிறுநகரத்துக்கு இறங்கிப் போய், அங்கே இருந்த டெலிபோன் கூண்டில் நின்று கொழும்புக்குக் கதைப்பார்கள். கோயிலைத் தாண்டி நாலாவது வளைவு அடர்ந்த மரநிழலில் இருக்கும். மேலே இருந்து பார்த்தால் வீதி நேரே போகிற மாதிரித் தெரியும். கிட்ட வந்த பிறகுதான் ஒரே வெட்டாக இடப்பக்கம் திரும்பும். மலையில் இருந்து ஊற்றுத் தண்ணீர் கசிந்து வருஷம் முழுக்க அந்த இடத்தில் தாருக்கு மேலால் ஓடும். தாரெல்லாம் பாசி. அந்த ஊர்க்காரர்கள் அங்கே சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டுதான் போவார்கள். பாசியை யார் வரைபடத்தில் போடப்போகிறார்கள்?

மறு வருஷம் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நவரத்தினத்தின் மனைவி சாந்தகுமாரி, கொழும்புக்கு வந்துவிட்டதாகவும் அன்றைக்கு ஒரு கடையில் டெலிபோனுக்குப் பக்கத்தில் நிற்பதாகவும் எழுதியிருந்தாள். கோழிகளுக்குத் தீன் வைத்து முடிக்கச் சுணங்கிவிட்டது. அந்த அவசரத்தில் நவரத்தினம் முன்னால் விட்டான். குணரத்தினம் வளைவுக்கு வந்தபோது சைக்கிள் கல்மதிலோடு கிடந்தது. நவரத்தினம் மதிலுக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் கிடந்தான். உயிர் இல்லை.

பொலிஸ் வரப்போகிறது, உள்ளே போய் நில் என்றான் பண்ணைக்காரன். குணரத்தினம் கோழிக்கூட்டுக்குள் போய் நின்றார். ஆம்புலன்ஸ் வந்து போகும் வரைக்கும் அங்கேயே நின்றார். நவரத்தினத்தின் சட்டைப்பையில் இருந்தது ஒரு மலேசியாக்காரனின் பாஸ்போர்ட். அந்தப் பெயரிலேயே அவனை அங்கே மண்ணில் தாட்டார்கள். கொள்ளி வைக்க ஆள் இல்லை, பெயர் சொல்லி அழவும் ஆள் இல்லை. பெயர் தெரிந்த ஒரே ஆள் ஒரு கிழமையில் அந்த மலையை விட்டு ஓடிவிட்டார்.

1992இல் இன்னொரு ஏஜென்சி அவரை ஆக்லாந்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. நடுவில் நின்ற நாட்டின் பெயரை வாயால் சொல்லக்கூடாது, சொன்னால் அங்கேயே போ என்று திருப்பிவிடுவார்கள் என்பதுதான் எந்த ஏஜென்சியும் முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடம். அது மெய்யா பொய்யா என்று ஒருத்தரும் விசாரித்ததில்லை. அந்தப் பயத்தில் நம் சனத்தில் எத்தனை பேர் தங்கள் வாழ்க்கையில் இரண்டு மூன்று வருஷத்தைக் கத்தரித்து எறிந்திருக்கிறார்கள் என்று எண்ணப் போனால் முடியாது. குணரத்தினமும் அந்த மூன்று வருஷமும் சென்னையில் இருந்ததாகச் சொன்னார். குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பித்தபோது, பத்து வருஷமாக எங்கெங்கே இருந்தாய் என்று எழுதி, சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் சத்தியம் செய்து ஒப்பமிடச் சொன்னார்கள். அச்சகத்துக்குக் கிட்ட இருந்த சமாதான நீதவான் யார் என்றால், இதே மரினோவிச்தான். அவருடைய வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் குணரத்தினம் சென்னை, சென்னை, சென்னை என்று மூன்று தரம் எழுதி, இதெல்லாம் உண்மை என்று சொல்லி ஒப்பமிட்டார்.

இதைவிடப் பெரிய பொய் ஒன்றும் இருந்தது. வெள்ளவத்தையில் பத்மாவதி இருந்த அதே வீட்டின் பின்னறையில்தான் சாந்தகுமாரியும் இருந்தாள். சனிக்கிழமைகளில் அவர் டெலிபோன் எடுக்கும்போதெல்லாம் பத்மாவதி கடைசியில் குரலைத் தணித்து, அவ வந்து நிக்கிறா, ஏதும் தெரிஞ்சதோ எண்டு கேக்கிறா என்பாள். இத்தாலியிலேயே பிரிந்துவிட்டோம், பிறகு ஒன்றும் தெரியாது என்பார் குணரத்தினம். மனைவிக்கும் அதையேதான் சொல்லியிருந்தார். முதலில் அது பயம். ஒரு சாவு என்றால் வெள்ளவத்தையில் நாலு வாயில் விழும், அதோடு இத்தாலிக் கதையும் ஒரு கிழமையில் ஆக்லாந்துக் கோயிலுக்கு வந்துவிடும் என்ற பயம். போகப் போக, இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் எந்த முகத்தோடு பதில் சொல்வது என்ற வெட்கமாக அது மாறிவிட்டது. பயமாவது ஒரு நாள் தெளியும். இந்த வெட்கம் வருஷத்துக்கு வருஷம் கனத்துக்கொண்டே போனது.

இப்போது நாற்பத்தோராவது கிலோமீட்டர் அவர் முன்னால் வந்து நின்றது. பதினான்கு பேர், பாதிப் பேருக்கு மேல் ஐம்பதைக் கடந்தவர்கள், அருமையான ஓட்டம் என்று நம்பி வேகமாக விடப்போகிறார்கள். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கேட்கப்போகிறவர், அவர் யாருக்கு முன்னால் சத்தியம் செய்தாரோ அந்த மனுஷனேதான். ராகவியின் கட்டில் சுவரோடு நின்றது.

அவர் செய்தது என்ன தெரியுமா? சொல்லாமல் காப்பாற்றப் பார்த்தார். 'வலம்' என்று இருந்ததை 'இடம்' ஆக்கினார். இடப்பக்கம் போனால் மலை முதுகோடு சுற்றிப்போகிற வீதி, ஒன்பது கிலோமீட்டர் கூட, ஆனால் மோசமில்லை. அன்றைய மிச்சத் தூரங்களையெல்லாம் கூட்டித் திருத்தி, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் புரூஃப் எடுத்துக் கொடுத்தார்.

மரினோவிச் விட்டுவிடுகிற ஆள் இல்லை. கருவியை மறுபடியும் உருட்டிப் பார்த்திருக்கிறார். மூன்று நாள் கழித்துச் சிவப்பு மையில் கோடு போட்டுக்கொண்டு வந்து, உங்கள் ஆள் நித்திரையில் வேலை செய்கிறாரா என்று அச்சக முதலாளி தண்டபாணியிடம் கேட்டார். தண்டபாணி கோயம்புத்தூர்க்காரர், கோபத்தையும் சிரித்துக்கொண்டே காட்டுவார். "என்ன சார், இத்தாலி ரோடு உங்க மாமனார் வீட்டு ரோடா? நீங்களா திருப்பி விடுறீங்க?" என்றார். குணரத்தினம் மன்னிப்புக் கேட்டுத் திருத்தினார். திருத்தும்போதே 'அருமையான ஓட்டம்' என்ற வரியை எடுத்துவிட்டு, 'பாசி பிடித்த வளைவு, இறங்கி நடக்கவும்' என்று போட்டார். அடுத்த புரூஃபில் அதுவும் சிவப்பு மையில் அடிபட்டு வந்தது. பக்கத்தில், இவர்கள் முப்பது வருஷம் சைக்கிள் ஓடியவர்கள், பிள்ளைகள் அல்ல என்று எழுதியிருந்தது. திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும் என்று தண்டபாணி சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலையில் குணரத்தினம் மரினோவிச்சின் வீட்டுக்கு நடந்து போனார். வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார்பண்ணிக்கொண்டு போனார். இத்தாலியில் இருந்த ஒரு சிநேகிதன் கடிதத்தில் எழுதினான் என்று சொல்வதாகத் திட்டம். அதே சாப்பாட்டு மேசை. இந்த முறை முழுக்க வரைபடங்கள். அவர் சிநேகிதனைப் பற்றிச் சொல்லி முடித்ததும், நல்லது, அந்தச் சிநேகிதனின் டெலிபோன் இலக்கத்தைக் கொடுங்கள், நானே கேட்டுக்கொள்கிறேன் என்றார் மரினோவிச். நக்கலாகக் கேட்கவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு உண்மையாகவே காத்திருந்தார்.

குணரத்தினம் வரைபடத்தில் அந்த வளைவின் மேல் விரலை வைத்தார்.

"அவன் செத்துப்போனான். இந்த இடத்தில். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன்."

எப்போது என்று கேட்டார் மரினோவிச். 1990 என்றார். கப்பலில் வேலை செய்த காலத்தில் கிழவர் சென்னைத் துறைமுகத்தைப் பார்த்தவர். சத்தியம் செய்த அன்றைக்கு அதைப் பற்றி ஆசையாகக் கதை கொடுத்ததும், இவர் ஓம், இல்லை என்று நழுவியதும் அவருக்கு மறக்கவில்லை.

"நீ அப்போது சென்னையில் அல்லவா இருந்தாய்?"

"இல்லை" என்றார் குணரத்தினம். "ஒரு நாளும் இருக்கவில்லை."

மரினோவிச் முதலில் செய்தது வழிப்புத்தகத்தை எடுத்ததுதான். 'வலம்' என்பதை அடித்து 'இடம்' என்று எழுதினார். தூரங்களை மறுபடி திருத்தினார். அவசரமே இல்லாமல் செய்தார். பிறகு எழுந்து போய் ஒரு வெற்றுச் சத்தியக் கடதாசியைக் கொண்டுவந்து வைத்தார். நீ சொன்னதைக் கேட்காத மாதிரி இருக்க என்னால் முடியாது, ஆனால் நீயாகவே எழுதிக் கொடுத்தால் நானே குடிவரவு அலுவலகத்துக்குக் கூட வந்து, என்ன நடந்தது என்று சொல்கிறேன் என்றார். கண்டிப்பாகத்தான் சொன்னார். குணரத்தினத்துக்கு அதில் ஒரு கோபமும் வரவில்லை. எழுதத் தொடங்கினார். கோழிப்பண்ணை, மலை, சிறுநகரம். நவரத்தினம் என்ற பெயரை ஒரு காகிதத்தில் அவர் எழுதியது அதுதான் முதல் தடவை.

மரினோவிச் எட்டிப் பார்த்து, அவனுடைய வீட்டு ஆட்களுக்குத் தெரியும்தானே என்று கேட்டார். சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டதுதான். குணரத்தினம் பேனாவைக் கீழே வைத்தார்.

மரினோவிச்சுக்கு விளங்கிவிட்டது. கடதாசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அவர்களுக்கு முதலில் சொல்" என்றார். "அலுவலகத்துக்குத் தெரிந்த பிறகு அவன் வீட்டு ஆட்களுக்குத் தெரிவது சரியில்லை. சொல்லிவிட்டு வா, ஒப்பமிடுகிறேன்."

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடலாம். கழகத்தார் பதினான்கு பேரும் போய், வெயிலில் கறுத்து, ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தார்கள். நான்காம் நாள் ஏற்றம் கொஞ்சம் நீளம் என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்களாம். பத்மாவதியின் விசா ஆகஸ்டில் வரவில்லை. விசாரணை, விளக்கம், மறுபடி விசாரணை என்று இழுத்து, பதினான்கு மாதம் கழித்துத்தான் தாயும் மகளும் வந்து இறங்கினார்கள். அதற்குள் ராகவிக்கு அந்தக் கட்டில் சின்னதாகிவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று தமிழ்ச் சங்கத்தில் புத்தி சொல்லாத ஆள் இல்லை. சொன்னவர்களில் ஒருத்தரும் அந்த வளைவைப் பார்த்ததில்லை, அந்த டெலிபோனை எடுத்ததும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு அவர் வெள்ளவத்தைக்கு டெலிபோன் எடுத்தார். அங்கே காலை. முதலில் பத்மாவதியிடம் சத்தியக் கடதாசியைப் பற்றிச் சொன்னார். விசா தள்ளிப்போகும், இல்லாமலும் போகலாம் என்றார். பத்மாவதிக்குக் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்? ராகவி உங்களைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள், யாரோ வெள்ளைக்காரர் சைக்கிள் ஓடுவதற்காக நாங்கள் இன்னும் எத்தனை வருஷம் இந்த அறையில் கிடப்பது என்று கேட்டாள். அவர் நவரத்தினத்தைப் பற்றிச் சொன்னார். வளைவு, மதில், கோழிக்கூடு, எல்லாவற்றையும் சொன்னார்.

பத்மாவதி கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அவ பின்னறையிலதான் இருக்கிறா" என்றாள். கோபமெல்லாம் எங்கேயோ போயிருந்தது. "என்னால போய்ச் சொல்ல ஏலாது. கூப்பிடுறன். நீங்களே சொல்லுங்கோ."

சாந்தகுமாரி வந்தாள். ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. அவளை டெலிபோனுக்குக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. அந்த மூச்சில் இருந்த ஆவல் குணரத்தினத்துக்குக் கேட்டது. சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாதவர், சுற்றி வளைக்காமலே சொன்னார். அவள் குளறி அழுவாள் என்று ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அழவில்லை. என்ன தேதி என்று மட்டும் கேட்டாள். திவசம் செய்ய நாள் வேண்டுமே.

"தொண்ணூறாம் ஆண்டு, நவம்பர் நாலு."

"அண்டைக்கு நான் கடை பூட்டுமட்டும் அங்க நிண்டனான் அண்ணை" என்றாள். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "அதுக்குப் பிறகு அஞ்சு வருசம். அவர் எங்க இருந்தாலும் ஒரு குறையும் வரக்கூடாதெண்டு அஞ்சு வருசமும் கௌரி விரதம் பிடிச்சனான். போன ஐப்பசியில கட்டின காப்புநூல் இப்பவும் கையில கிடக்கு. இதை நான் இப்ப அவிழ்க்கிறதோ, அடுத்த ஐப்பசிமட்டும் விடுறதோ? அதையும் நீங்களே சொல்லுங்கோ அண்ணை."

அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள்.